துப்பாக்கிக்கு ஊர் இல்லை, தோட்டாவுக்கு உண்டு

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டி பட்டரைப்பெரும்புதூர் சுங்கச்சாவடியையும் கடந்தால் கனகம்மாசத்திரம் வரும். பிறகு திருத்தணி, பொன்பாடி சோதனைச்சாவடி, அதற்கப்பால் நகரி. பேருந்தில் போகிறவருக்கு மாநிலம் மாறியது கடைப்பலகையின் எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். இந்த எல்லைக்கு வயதும் அதிகமில்லை. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போயிருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களும், விசைத்தறி நூலை இரு பக்கமும் கொண்டுபோகிறவர்களும், ஆடிக்கிருத்திகைக்கு ஆந்திரத்திலிருந்து காவடி தூக்கி வருகிறவர்களும் இந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. கள்ளத் துப்பாக்கி கொண்டுபோகிறவனுக்கும் அது ஒரு தடை அல்ல. காவல் நிலையத்துக்கு மட்டும் அது உண்மையான கோடு. ஆய்வாளரின் அதிகாரமும், அவர் பார்க்கக்கூடிய பழைய கோப்புகளும், அவர் போன் போட்டால் மறுமுனையில் பெயர் சொல்லி எடுக்கிற ஆளும் அங்கே முடிந்துவிடுகின்றன.

அரசியலமைப்பே வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆயுதங்களும் வெடிபொருள்களும் ஒன்றியப் பட்டியலில் ஐந்தாம் பதிவு. பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலின் முதலிரண்டு பதிவுகள். துப்பாக்கி பற்றிய சட்டத்தை எழுதுவது தில்லி. துப்பாக்கியைத் தேடி லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கும் கை மாநிலத்தினுடையது. நடுவே இருக்கும் இடைவெளியை இணையவழித் தளங்கள் நிரப்பிவிடும் என்று பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அவை எதை நிரப்பின, எதை இன்னும் நிரப்பவில்லை என்பதைப் பார்க்க, இதே திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த ஒரு கொலையிலிருந்து தொடங்குவது சரியாக இருக்கும்.

2005 ஜனவரி 9, விடியாத நேரம். பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி தொகுதியின் அதிமுக சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனத்தின் வீட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டிலிருந்தவர்களைத் தாக்கினார்கள். நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அரசியல் கொலையோ என்று முதலில் எல்லோரும் சந்தேகித்தார்கள். ஆனால் தடயங்கள் வேறு பக்கம் கைகாட்டின. நெடுஞ்சாலையை ஒட்டிய தனி வீடு, நள்ளிரவு, இரும்புத் தடி, நாட்டுத் துப்பாக்கி. இந்த முறையில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலையோர வீடுகள் பல தாக்கப்பட்டிருந்தன. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு மாவட்டத்தில், ஒவ்வொரு கோப்பில், தனித்தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் செத்த பிறகுதான் அவை ஒரே மேசைக்கு வந்தன. அதற்கு முன் செத்தவர்களின் குடும்பங்களை நினைத்தால் இந்தத் தாமதம் பொறுக்கத்தக்கதாக இல்லை.

காவல் அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைக்கப்பட்டது. சம்பவ இடங்களில் கிடைத்த கைரேகைகள்தான் அவர்கள் கையிலிருந்த ஒரே திடமான பொருள். தமிழ்நாட்டுப் பதிவுகளில் அந்த ரேகைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. லாரிகளில் வந்து போனவர்கள் என்ற ஊகத்தின் பேரில் அந்த ரேகைகளைச் சுமந்துகொண்டு தனிப்படையினர் வட மாநிலங்களின் காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் அலைந்தார்கள். கடைசியில் ரேகை பொருந்தியது. உத்தரப்பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் என்று பரந்திருந்த பவாரியா கும்பல் ஒன்று அடையாளம் காணப்பட்டு, அதன் தலைவன் என்று சொல்லப்பட்ட ஓமா உட்படப் பலர் பிடிபட்டார்கள். 2017இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தின் வழியாகப் பலருக்கும் இந்தக் கதை தெரியும்.

படம் பெரிதாகச் சொல்லாத ஒன்று உண்டு. தனிப்படையை நடத்திய ஜாங்கிட் ராஜஸ்தானைச் சேர்ந்தவர். அந்த ஊர்களின் பேச்சும் பழக்கமும் தெரிந்த ஒருவர் தமிழ்நாட்டுப் பிரிவு அதிகாரியாக இருந்தது நம் அதிர்ஷ்டம். மாநிலங்களுக்கு இடையே நிரந்தரமான ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒரு தனிமனிதரின் பிறப்பிடம் அந்த வேலையைச் செய்தது. அப்படி ஒருவர் வாய்க்காத வழக்குகள் எத்தனை கிடப்பில் போயிருக்கும்! இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பவாரியா என்பது ஒரு கும்பலின் பெயரல்ல, ஒரு சமூகத்தின் பெயர். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் முத்திரை குத்தப்பட்ட சமூகங்களில் அதுவும் ஒன்று. நம்மூர்க் கள்ளர்களும் குறவர்களும் அனுபவித்த அதே கொடுமை. கும்பலைப் பிடிப்பதற்குச் சமூகத்தைச் சந்தேகிக்கத் தேவையிருக்கவில்லை. பிடித்துக் கொடுத்தது கைரேகைதான்.

வழக்கு முடிய இருபது ஆண்டுகள் ஆயின. 2025 நவம்பரில்தான் சென்னை நீதிமன்றம் எஞ்சியவர்களில் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து ஆயுள் தண்டனை விதித்தது.

இன்று அதே ரேகை கிடைத்தால் அலைய வேண்டியதில்லை. நாட்டின் காவல் நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் திட்டத்துக்கு 2009இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் தகவல் அறிக்கையும் கைது விவரமும் அதில் ஏறுகின்றன. தேசியக் கைரேகைத் தளமான நஃபிஸ் 2022 ஆகஸ்டில் தொடங்கியது. கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. மீரட்டில் பிடிபட்டாலும் மதுரையில் பிடிபட்டாலும் எண் மாறாது. எண்ணின் அருமை எல்லைக் காவல் நிலையங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரே ஆளின் பெயரைத் திருத்தணியில் தமிழிலும் நகரியில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதினால், தேடுபொறிக்கு அவர் மூன்று ஆள். ரேகைக்கு ஒரே ஆள். 2005இல் மாதக்கணக்கில் நடந்த வேலை இப்போது சில நிமிடங்களில் முடியக்கூடும். இது பெரிய முன்னேற்றம், இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் இவை எல்லாம் ஆளைத் தேடும் கருவிகள். தானாகுளத்தில் சுட்ட துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது, அதற்கு முன் யாரைச் சுட்டது, அதற்குள் போட்ட தோட்டா எந்தக் கடையில் விற்றது என்ற கேள்விகளுக்கு இந்தத் தளங்களில் பதில் இல்லை. ஆள் சிறைக்குப் போவான். துப்பாக்கி செய்த பட்டறையும் தோட்டா விற்ற கையும் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்.

கள்ளத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று ஒரே சொல்லால் இரண்டு வேறுபட்ட பொருள்களைச் சொல்கிறோம். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் காட்டுப்பன்றிக்காக மறைத்து வைத்திருக்கும், கருமருந்தைக் குழல் வாய் வழியே இடித்துச் சுடும் நீளத் துப்பாக்கி ஒன்று. உரிமம் இல்லாவிட்டால் அதுவும் குற்றம்தான். ஆனால் அதை வைத்து யாரும் நெடுஞ்சாலையில் கொள்ளையடிப்பதில்லை. தண்டனை இல்லை, கொண்டுவந்து கொடுங்கள் என்று காவல்துறை கேட்டபோது மலைக் கிராமத்தினர் தாங்களாகவே கொண்டுவந்து ஒப்படைத்ததும் உண்டு. மற்றொன்று வடக்கிலிருந்து வரும் கைத்துப்பாக்கி. பீகாரின் முங்கேர், மத்தியப்பிரதேசத்தின் கர்கோன், பர்வானி, தார் மாவட்டங்கள் இதற்குப் பெயர் போனவை. முங்கேரின் கதை 1760களில் நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதச்சாலை அமைத்ததிலிருந்து தொடங்குகிறது. பல தலைமுறைகளாகக் கைமாறி வந்த கொல்லர் திறமை அது. உரிமம் பெற்ற தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் வற்றியபோது அந்தத் திறமை இருட்டுப் பட்டறைகளுக்குப் போனது. கர்கோன் பக்கத்துச் சிக்லிகர்களும் அப்படித்தான். ஒரு காலத்தில் படைகளுக்கு வாள் தீட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். இவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டாமல் சோதனைச்சாவடிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எண்ணிக்கையைத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். ஜெனீவாவின் ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கிகள் சுமார் 7.11 கோடி. அவற்றில் பதிவானவை 97 லட்சம். மதிப்பீடுதான், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பிழை என்று தள்ளினாலும் பதிவில்லாதவை பதிவானவற்றைப் பல மடங்கு மிஞ்சி நிற்கின்றன.

பதிவானவற்றுக்குத்தான் நம் இணையத் தளம் இருக்கிறது. ஆயுத உரிமங்களின் தேசியத் தரவுத்தளத்தில் உரிமம் வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. 2016 ஆயுத விதிகளும் அதையே அடிப்படையாக வைத்தன. 2019இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாயின. சட்டவிரோத ஆயுதக் கடத்தல் என்ற தனிக் குற்றமும் வரையறுக்கப்பட்டது. பத்தாண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. சட்டப்படி முத்திரை பொறிக்காத துப்பாக்கியைக் கொண்டுபோவதும் அந்த வரையறைக்குள் வந்தது. தேர்தல் அறிவித்ததும் உரிமக்காரர்கள் தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். சட்டத்தை மதிப்பவர்களின் துப்பாக்கி ஒவ்வொன்றும் எண்ணப்படுகிறது. எண்ணப்பட வேண்டிய மற்றவை எண்ணுக்குள் வருவதே இல்லை.

உலக அளவிலான ஏற்பாடுகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. ஐ.நா. பொதுச் சபை 2001 மே மாதத்தில் ஏற்ற துப்பாக்கி நெறிமுறை 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2011இல் சேர்ந்தது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் தயாரித்த நாடு, ஆலை, வரிசை எண் பொறிக்க வேண்டும், நாடுகள் ஒன்றையொன்று கேட்டுத் தடம் பிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2005 டிசம்பரில் வந்த பன்னாட்டுத் தடமறிதல் ஆவணம் அதையே விரித்தது. இன்டர்போலின் ஐஆர்ம்ஸ் தளத்தில் காணாமல் போன துப்பாக்கியின் எண்ணைப் போட்டால் உலகில் எங்கே சிக்கினாலும் தெரியவரும். அமெரிக்காவின் இ-டிரேஸ் மெக்சிகோவில் பிடிபட்ட துப்பாக்கியை டெக்சாஸ் கடை வரைக்கும் பின்தொடர்கிறது. அருமையான ஏற்பாடுகள். அனைத்துக்கும் அடிப்படை வரிசை எண். முங்கேர் பட்டறையில் செய்த ஒற்றைத் தோட்டாக் ‘கட்டா’வில் எந்த எண்ணும் இல்லை. எண்ணே இல்லாத பொருளை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

தொழிற்சாலைத் துப்பாக்கிகள் கடத்தப்படும்போது இந்தத் தளங்கள் பயன்படும். அவையும் கடத்தப்படுகின்றன என்பதற்கு நம் கடலே சாட்சி. 2021 மார்ச்சில் மினிக்காய் தீவை ஒட்டி இந்தியக் கடலோரக் காவல்படை மறித்த ‘ரவிஹன்சி’ என்ற இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினோடு ஐந்து ஏகே-47 துப்பாக்கிகளும் ஆயிரம் தோட்டாக்களும் இருந்தன. விழிஞ்ஞம் வழக்கு என்று தேசியப் புலனாய்வு முகமை நடத்தும் அந்த வழக்கில் இலங்கை, தமிழ்நாடு, கேரளம் மூன்றும் கலந்திருக்கின்றன. முங்கேரிலும் 2018இல் ஏகே-47கள் அகப்பட்டன. ஒரு கிணற்றிலிருந்துகூட எடுத்தார்கள். அவை ஜபல்பூரின் மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து, பழுது நீக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர் வழியாகவும் கிடங்கில் வேலை பார்த்தவர் வழியாகவும் வெளியேறியவை என்று விசாரணையில் தெரியவந்தது. அரசுக் கிடங்கின் கணக்கேடு சரியாகச் சரிபார்க்கப்பட்டிருந்தால் அந்தத் துப்பாக்கிகள் வாசலைத் தாண்டியிருக்காது.

ஆனால் தமிழ்நாட்டு எல்லைகளில் சிக்குவது பெரும்பாலும் எண்ணில்லாத கைத்துப்பாக்கி. அதனால் நமக்கு வேண்டிய கருவி வேறு.

குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் இருந்தால், வெளியேறும் ஈயக் குண்டில் அவற்றின் கீறல் பதியும். எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டு என்று ஆய்வகம் அதை வைத்துச் சொல்லும். கட்டாவின் குழல் பெரும்பாலும் ஏதோ இரும்புக் குழாய். உள்ளே பள்ளம் கிடையாது. குண்டு மட்டும் கிடைத்தால் ஆய்வகத்தின் கை கட்டப்பட்டுவிடும். ஆனால் தோட்டாவின் பித்தளை உறை அப்படியல்ல. அடிப்பகுதியில் குத்தும் ஊசி ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒவ்வொரு விதமாகக் குத்துகிறது. கையால் அரத்தால் ராவிச் செய்த ஊசி என்பதால் இரண்டு கட்டாக்கள் ஒரே மாதிரிக் குத்துவது அரிது. சுட்டதும் உறை பின்னோக்கி மோதும் இரும்பு முகப்பின் கரடுமுரடும் அதில் பதிகிறது. பட்டறைத் துப்பாக்கிக்கு எண் கொடுக்க யாருமில்லை. அது சுடும் ஒவ்வொரு முறையும் தன் அடையாளத்தைத் தானே பித்தளையில் எழுதிவிட்டுப் போகிறது.

அந்த எழுத்தை மாநிலம் தாண்டிப் படிக்கும் ஏற்பாடுதான் நமக்கு வேண்டும். அமெரிக்காவில் 1990களின் இறுதியிலிருந்தே சம்பவ இடத்துத் தோட்டா உறைகளைப் படமெடுத்து ஒப்பிடும் நிபின் வலைப்பின்னல் இயங்குகிறது. இன்டர்போல் 2009 முதல் இபின் என்ற பெயரில் அதையே நாடுகளுக்கு இடையே செய்கிறது. ஒரு நகரத்தில் சுட்ட துப்பாக்கி மற்றொரு நகரத்தில் சுட்டால் கணினி இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டும், நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்வார். கைரேகைக்கு நஃபிஸ் செய்வதைத் தோட்டா உறைக்குச் செய்யும் தளம், எல்லா மாநில ஆய்வகங்களையும் காவல் நிலையங்களையும் தொடும் அளவில், நம் நாட்டில் இன்னும் உருவாகவில்லை. ஒரு கள்ளத் துப்பாக்கி சித்தூரில் ஒருவரை மிரட்டி, வேலூரில் ஒருவரைச் சுட்டு, திருவள்ளூரில் பிடிபட்டால் அது மூன்று வழக்கு, மூன்று சாட்சியப் பொருள், மூன்று சீல் வைத்த உறை. 2005க்கு முன் கைரேகைகள் எப்படிக் கிடந்தனவோ அப்படியே தோட்டா உறைகள் இன்று கிடக்கின்றன.

சோதனைச்சாவடியை மட்டும் நம்பியிருப்பதன் விலை என்ன என்பதைக் களியக்காவிளை காட்டியது. 2020 ஜனவரி 8 இரவு, கேரள எல்லையில் கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தச் சாவடியில் தனியே பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை இருவர் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். 57 வயது, ஓய்வுக்கு அருகில் இருந்தவர். எல்லை தாண்டிய ஒத்துழைப்பு எப்படி இருக்க முடியும் என்பதற்கு அடுத்த சில நாட்கள் நல்ல எடுத்துக்காட்டு. அருகிலிருந்த கண்காணிப்புக் கேமராக்களில் பதிந்த காட்சிகள் உடனே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போயின. சந்தேக நபர்கள் ஏற்கெனவே இரு மாநிலங்களுக்கும் தெரிந்தவர்கள். ஆறே நாட்களில், ஜனவரி 14 அன்று, கர்நாடகத்தின் உடுப்பி ரயில் நிலையத்தில் பிடிபட்டார்கள். சுட்ட துப்பாக்கி எர்ணாகுளம் பேருந்து நிலையத்துக்கு அருகே சாக்கடையில் கிடைத்தது. கத்தி திருவனந்தபுரத்தில் கிடைத்தது. துப்பாக்கி பெங்களூர் வழியாகக் கைமாறி வந்தது என்று விசாரணை சொன்னது. கொலை தமிழ்நாட்டில், ஆயுதம் கேரளத்தில், கைது கர்நாடகத்தில். பிறகு வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது.

வில்சன் இறந்த பிறகு ஆறு நாட்களில் முடிந்த இந்த வேலை, அந்தத் துப்பாக்கி பெங்களூரில் கைமாறியபோது ஏன் நடக்கவில்லை என்று கேட்பது நியாயம். எல்லா இடங்களிலும் ஒத்துழைப்பு பிணம் விழுந்த பிறகே விழித்துக்கொள்கிறது.

அந்நிய மாநிலத்தில் உள்ளூர்க் காவலர்களின் துணை போதாமல் இறங்குவதன் ஆபத்துக்கு மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியனின் பெயரைத் தமிழ்நாடு மறக்கவில்லை. கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன அவர் 2017 டிசம்பர் 13 அன்று நடந்த மோதலில் உயிரிழந்தார். கொள்ளையர் சுட்டார்கள் என்றே முதலில் செய்தி வந்தது. உடன் வந்த அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு என்று ராஜஸ்தான் காவல்துறை பின்னர் முடிவுக்கு வந்தது. தெரியாத ஊர், இருட்டு, கூச்சல். அங்கே எந்தத் தளமும் அவருக்கு உதவியிருக்க முடியாது. உள்ளூர் நிலையத்திலிருந்து போதிய ஆட்கள் துணைக்கு வந்திருந்தால் உதவியிருக்கும்.

ஆகவே கருவியையும் ஆளையும் எதிரெதிராக நிறுத்துவது வீண். எல்லையோர மாவட்டக் கண்காணிப்பாளர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் நம்மிடம் உண்டு. 1956இல் மாநிலச் சீரமைப்புச் சட்டம் தந்த தென்மண்டலக் குழு உண்டு. இவற்றில் கஞ்சாவும் செம்மரமும் பேசப்படும் அளவுக்குத் தோட்டாக்கள் பேசப்படுவதில்லை. மேற்கு பால்கன் நாடுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊக்கத்தோடு ஒவ்வொரு நாட்டிலும் துப்பாக்கிக்கென்று ஒரே மையப் பிரிவு அமைத்தார்கள். எங்கே துப்பாக்கி பிடிபட்டாலும், எங்கே சுட்டாலும், ஆய்வக முடிவும் வழக்கின் நிலையும் அந்த ஒரு மேசைக்கு வந்து சேர வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அப்படி ஒவ்வொரு மேசை இருந்தால், ஒரு மேசை மறுமேசையோடு பேசினால் போதும். திருத்தணி உட்கோட்டமும் நகரியும் தனித்தனியே யாரைக் கேட்பது என்று தேட வேண்டியிருக்காது.

சாலையும் மாறிவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரி நின்றே ஆக வேண்டிய ஓர் இடம் போய்விட்டது. அதே நேரம் 2021 முதல் கட்டாயமான ஃபாஸ்டேக் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் வண்டியின் தடத்தைப் பதிகிறது. வழக்கு இருந்து முறையாகக் கேட்டால் அந்தத் தடம் கிடைக்கும். தானாகுளத்துக்கு முந்தைய வழக்குகளை விசாரித்தவர்களுக்கு இது கிடைத்திருந்தால் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இணையம் கடத்தலுக்கும் கைகொடுக்கிறது. 2022 மே மாதம் ஓமலூர் அருகே வாகனத் தணிக்கையில் இரு இளைஞர்கள் துப்பாக்கிகளோடு சிக்கினார்கள். சேலத்தில் வாடகை வீடு எடுத்து, யூடியூப் காணொளிகளைப் பார்த்து, தாங்களே துப்பாக்கி செய்திருந்தார்கள். அந்த வழக்கும் தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. பட்டறையின் பல தலைமுறைத் திறமையை ஒரு திரை சில வாரங்களில் கற்றுத்தரப் பார்க்கிறது. 2013இல் அமெரிக்காவில் முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியின் வரைபடம் இணையத்தில் ஏறியபோதே இந்தக் கதவு திறந்துவிட்டது. பஞ்சாப் எல்லையில் 2019 முதல் ட்ரோன்களில் ஆயுதம் வந்து விழுகிறது. சாவடிகளை எத்தனை கட்டினாலும் வானத்துக்குச் சாவடி இல்லை.

கண்காணிப்பைக் கூட்டுவதுதான் தீர்வு என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டுக் காவல்துறை 2021இல் தொடங்கிய முக அடையாளத் தளத்தின் தரவு 2024 மே மாதம் கசிந்தது. சந்தேகத்தின் பேரில் பிடித்தவர்களின் முகங்களும் அதில் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஏழைகள், நாடோடிகள், ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்ட சாதியினர். ஆந்திர எல்லையில் காவல் அதிகாரம் கணக்குக் கொடுக்காமல் நடந்தால் என்ன ஆகும் என்பதை 2015 ஏப்ரல் 7 சொல்லிவிட்டது. சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தலைத் தடுக்க அமைத்த ஆந்திரத் தனிப்படை தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர் சொன்னார். தமிழ்நாட்டுக் காவல்துறையோடு பேசி, தரகர்களையும் வாங்குவோரையும் பிடித்திருக்கக்கூடிய இடத்தில் மரம் வெட்டிய கைகள் செத்தன. துப்பாக்கிக் கடத்தலுக்கு எதிரான ஒத்துழைப்பும் அந்த வழியில் போய்விடக் கூடாது. அதனால்தான் முகத்தையும் சாதியையும் விட்டுவிட்டுப் பொருளைத் தொடர வேண்டும் என்கிறேன். பித்தளை உறைக்கு மானமும் இல்லை, சாதியும் இல்லை. அதை எவ்வளவு கண்காணித்தாலும் யாருடைய உரிமையும் பறிபோகாது.

இங்கே என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். துப்பாக்கியை இரும்புக் குழாயில் செய்யலாம். தோட்டாவை அப்படிச் செய்ய முடியாது. பித்தளை உறையைத் துல்லியமாக உருவாக்க வேண்டும், வெடிமருந்தையும் தீப்பொறி தரும் அடிமூடியையும் அளந்து நிரப்ப வேண்டும். பட்டறைகளில் மறுநிரப்பல் நடப்பதுண்டு, ஆனால் அது நம்பத்தக்கதல்ல, சுடுகிறவன் கையே போகும். அதனால் வடக்கின் கள்ளத் துப்பாக்கி வழக்குகளில் எட்டு எம்எம் தோட்டா உறைகள் கைப்பற்றப்பட்ட செய்திகளில் ‘கேஎஃப்’ என்ற முத்திரை திரும்பத் திரும்ப வருகிறது. புனே அருகே கட்கியின் அரசு வெடிமருந்து ஆலையின் முத்திரை அது. உரிமம் பெற்றவர் உரிமம் பெற்ற கடையில் வாங்குவதற்காக அரசு ஆலை செய்த தோட்டா, உரிமமில்லாத துப்பாக்கிக்குள் போகிறது. வழியில் யாரோ ஒரு கடைக்காரர் பேரேட்டைத் திருத்தியிருக்கிறார், அல்லது யாரோ ஒரு உரிமக்காரர் தனக்குரிய பங்கை வாங்கி விற்றிருக்கிறார். ஒவ்வொரு உரிமமும் கணினியில் ஏறிவிட்ட நாட்டில் இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. வாங்கிய தோட்டா எங்கே சுடப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிரேசில் அந்தப் பழக்கத்தைச் சட்டமாக்கியது. 2003இல் இயற்றிய ஆயுதக் களைவுச் சட்டம், காவல்துறைக்கும் படைகளுக்கும் விற்கும் தோட்டாக்களின் உறையிலேயே தொகுதி எண்ணையும் வாங்கியவரையும் காட்டும் குறியைப் பொறிக்கச் சொன்னது. 2018 மார்ச் 14 அன்று ரியோ டி ஜெனிரோவில் நகரமன்ற உறுப்பினர் மரியேல் ஃபிராங்கோவைச் சுட்டுக் கொன்றார்கள். தரையில் கிடந்த உறைகளில் யூஇசட்இசட் 18 என்ற எண் இருந்தது. 2006இல் பிரேசிலின் கூட்டாட்சிக் காவல்துறைக்கு விற்ற தொகுதி அது. அதே தொகுதியின் தோட்டாக்கள் 2015இல் சாவோ பாவ்லோ அருகே நடந்த படுகொலையிலும் பயன்பட்டிருந்தன என்பதும் வெளியே வந்தது. கொலையாளியை அந்த எண் நேரடியாகக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அரசின் கிடங்கிலிருந்து தோட்டா கசிகிறது என்பதை மறைக்க முடியாமல் செய்தது. அந்தச் சட்டத்திலும் ஒரு குறை இருந்தது. ஒரே எண்ணில் அளவுக்கு மீறிய தோட்டாக்களை விற்றிருந்தார்கள். தொகுதி பெரிதானால் எண்ணின் பயன் கரைந்துவிடும்.

உலக விதிகளும் தோட்டாவை நெடுநாள் விட்டுவைத்தன. 2005ஆம் ஆண்டின் தடமறிதல் ஆவணம் துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பேசியது. 2023 டிசம்பரில்தான் ஐ.நா. பொதுச் சபை தோட்டாக்களை ஆலை முதல் இறுதி வரை கணக்கில் வைக்கும் உலகளாவிய சட்டகம் ஒன்றை ஏற்றது. அது யாரையும் கட்டுப்படுத்தாது, விரும்பும் நாடு பின்பற்றலாம். தோட்டா ஆலைகள் பெரும்பாலும் அரசின் கையிலுள்ள இந்தியாவுக்கு அதைப் பின்பற்றுவது மற்றவர்களைவிட எளிது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலையும் அல்ல. பொதுமக்களுக்கு விற்கும் .315, .32, பன்னிரண்டு போர் தோட்டாக்களின் உறையில் சிறு தொகுதிகளாக எண் பொறித்து, அந்த எண்ணைக் கடையின் விற்பனைப் பதிவோடும் உரிமக்காரரின் அடையாள எண்ணோடும் உரிமத் தரவுத்தளத்திலேயே இணைக்க வேண்டும். சம்பவ இடத்தில் உறை கிடைத்தால் அதன் அடிப்பாகத்தைப் படமெடுத்துச் சிசிடிஎன்எஸ்ஸில் ஏற்றுவதைக் கைரேகை எடுப்பதைப் போலக் கட்டாயமாக்க வேண்டும். மாநில ஆய்வகங்களின் ஒப்பீட்டுக் கருவிகள் ஒரே தளத்தில் பேச வேண்டும். கடைசி வேலைக்கு ஆண்டுகள் ஆகலாம். முதலிரண்டையும் அடுத்த உற்பத்தித் தொகுதியிலேயே, அடுத்த முதல் தகவல் அறிக்கையிலேயே தொடங்கிவிடலாம்.